எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நானும் கணவரும் ஒன்பது வருஷமாக லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறோம். கல்வர் சிட்டியில் வாடகை வீடு. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியதில், பால்ட்வின் ஹில்ஸ் குன்றின் சரிவில் எங்கள் பட்ஜெட்டுக்குள் ஒரு வீடு அமைந்திருக்கிறது. பின்பக்கம் நின்று பார்த்தால் குன்றின் மேல் எண்ணெய் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. "நூறு வருஷமா இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல, அரை மைல் தள்ளித்தான் இருக்கு" என்கிறார் ஏஜென்ட். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்குக் குத்தாலம் பக்கம். பார்த்ததுமே, "இதை எதிர்த்துத்தானே நம்ம பக்கம் ஜனங்க ரோட்ல உக்காந்தாங்க, நீங்க காசு குடுத்து பக்கத்துல போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஐந்து வயது மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலில் கால் வைத்ததே காவிரிப் படுகையில்தான். பிறகு கலிஃபோர்னியா வந்து பல வருஷம் கிணறுகளைப் பராமரித்தேன். இப்போது கட்டடம் கட்டுவதற்கு முன் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. இரண்டு பக்கமும் சாப்பிட்டவன் என்பதால் அவர் கேட்ட கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஏஜென்ட் சொன்ன "அரை மைல்" என்பதிலிருந்தே ஆரம்பிப்போம். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அரை மைல் என்றால் 2,640 அடி. கலிஃபோர்னியா மாநிலம் 2022இல் கொண்டுவந்த எஸ்பி 1137 என்ற சட்டம், வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களைச் சுற்றி 3,200 அடிக்குள் புதிய கிணறு தோண்டக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். எண்ணெய்க் கம்பெனிகள் இதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தன, 2024இல் அவர்களே பின்வாங்கினார்கள், இப்போது சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆக, ஏஜென்ட் உங்களைத் தைரியப்படுத்தச் சொன்ன தூரமே மாநிலம் ஆபத்து என்று கோடு போட்ட வட்டத்துக்குள் வருகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை நிறுத்தவில்லை. புதிதாகத் தோண்டுவதையும் பழையதைப் பெரிய அளவில் மாற்றி அமைப்பதையும்தான் தடுக்கிறது.

அப்புறம் அந்த "யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல". இதை அந்தக் குன்றின் மேல் நின்றுகொண்டு சொல்ல நல்ல துணிச்சல் வேண்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பையனை விளையாடக் கூட்டிப்போகும் கென்னத் ஹான் பூங்காவில் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு பெரிய புல்வெளி இருக்கிறதல்லவா? அது ஒரு காலத்தில் குடிநீர்த் தேக்கம். 1963 டிசம்பர் 14 அன்று அதன் கரை உடைந்தது. காலையிலேயே விரிசலைப் பார்த்துவிட்டதால் போலீஸ் வீடு வீடாகப் போய் மக்களை வெளியேற்றியது. அப்படியும் ஐந்து பேர் இறந்தார்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எண்ணெய் எடுத்ததால் நிலம் தாழ்ந்ததும், மிச்ச எண்ணெயைத் தள்ளிவர அழுத்தத்தோடு நீர் ஏற்றியதும் அடியிலிருந்த நிலப்பிளவை அசைத்துவிட்டன என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின. அந்தப் பிளவுதான் நியூபோர்ட் இங்கிள்வுட் பிளவு. எண்ணெய் அங்கே தங்கியிருப்பதற்கும் அதுவே காரணம்.

அது பழைய கதை என்பார் ஏஜென்ட். சரி, 2006இல் அதே எண்ணெய் வயலில் (கிணறுகள் இருக்கும் பரப்பை நாங்கள் வயல் என்போம்) துளையிடும்போது வாயு வெளியேறி, கல்வர் க்ரெஸ்ட் பகுதியில் இருந்தவர்கள் நாற்றம் தாங்காமல் ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகுதான் 2008இல் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அந்த வயலுக்கென்று தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. நூறு வருஷம் சும்மா இருந்த இடத்துக்கு யாரும் தனிச் சட்டம் போட மாட்டார்கள்.

ஆனால் உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. சொல்லப்போனால், நீங்கள் பார்த்துப் பயப்படும் அந்தத் தலையாட்டும் பம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அது நம் ஊர் ஏற்றம் மாதிரிதான். குனிகிறது, நிமிர்கிறது, அடியிலிருந்து இழுக்கிறது. பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுகிறது, புகை கிடையாது. அது மேலே கொண்டுவருவது என்ன தெரியுமா? பத்து வாளியில் ஒன்பதுக்கு மேல் உப்புத் தண்ணீர். மிச்சம்தான் எண்ணெய். பழுத்துப்போன வயல் அது, 1924இல் கண்டுபிடித்தது. இதுவரை ஆயிரத்து அறுநூறு கிணறுகள் போல அங்கே தோண்டியிருக்கிறார்கள்.

பிரச்சினை பம்பின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. கிணற்று வாயைச் சுற்றி சிமென்ட் தொட்டி ஒன்று இருக்கும், செல்லர் என்போம். கசிவு அதில் தேங்கும். வெயிலில் அது ஆவியாகும்போது பென்சீன், டொலுயீன் மாதிரியானவை காற்றில் கலக்கும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும், அதில் சந்தேகமே இல்லை. அடுத்தது, எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் டேங்க். அதன் மேல்மூடி சரியாக உட்காராவிட்டால் நாள் முழுக்க வாயு வெளியேறும். எல்லாவற்றையும் விட மோசம் வேலை நடக்கும் நாட்கள். கிணற்றுக்குள்ளிருந்து குழாயை எல்லாம் உருவி வெளியே எடுத்துப் பழுது பார்க்க வொர்க்ஓவர் ரிக் என்ற வண்டி வந்து நிற்கும். டீசல் எஞ்சின் காலையிலிருந்து உறுமும். எண்ணெய் சொட்டச் சொட்டக் குழாய்கள் வரிசையாக அடுக்கப்படும். சில சமயம் அடைப்பை எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும், அதோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் உள்ளே செலுத்துவோம். இப்படி ஒரு வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள் என் மனைவி. ஆக, நீங்கள் வீடு பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை மதியம் நாற்றம் இல்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அன்றைக்கு ரிக் வரவில்லை, அவ்வளவுதான்.

அழுகின முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். "மொதல்ல நாறிச்சு, இப்ப இல்ல" என்று யாராவது சொன்னால், ரிக் ஆட்கள் உடனே நாலு எட்டுப் பின்னால் போவார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத கிணறு. லாஸ் ஏஞ்சலஸ் ஊர் இதில் கில்லாடி. 1892இல் எட்வர்ட் டொஹெனி என்பவர் இப்போதைய எக்கோ பார்க் பக்கத்தில் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தோண்டி, கடைசியில் யூகலிப்டஸ் மரத்தண்டைக் கூர்சீவிக் குத்தி எண்ணெய் எடுத்தார். சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் டெரிக் என்கிற துளையிடும் கோபுரம் முளைத்தது. பிறகு ஊர் வளர்ந்து, வீடுகளின் விலை ஏறியதும், கிணற்றை மூடாமல் முகமூடி போட்டார்கள். பிக்கோ பூல்வார்டில் ஜன்னல் கதவெல்லாம் வைத்த அலுவலகம் மாதிரி ஒரு கட்டடம் இருக்கும், உள்ளே ஒரு மேஜை நாற்காலி கிடையாது, வரிசையாகக் கிணறுகள்தான். அதே தெருவில் இன்னொன்று யூதர் கோவில் கோபுரம் போல நிற்கும். பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளி வளாகத்திலேயே பூப்போட்ட உறை போர்த்திய கோபுரம் ஒன்று பல வருஷம் நின்றது. லாங் பீச் கடலில் பனைமரமும் நீர்வீழ்ச்சியுமாக நான்கு செயற்கைத் தீவுகள் இருக்கின்றன. உல்லாச விடுதி என்று நினைப்பீர்கள். 1965இலிருந்து அங்கே எண்ணெய் எடுக்கிறார்கள். மகள் பிறந்தநாளுக்கு அந்தக் கடற்கரையில் எடுத்த படத்தில் பின்னால் அழகான கட்டடம் என்று என் நண்பர் ஒருவர் காட்டினார். டெரிக் சார் அது என்றதும் அவர் முகம் போன போக்கு!

வேஷம் போடுவதற்குக்கூட வழியில்லாத பேட்டைகளும் உண்டு. யுனிவர்சிட்டி பார்க்கில் குடும்பங்கள் நெருக்கமாக வசிக்கும் தெருவில் ஒரு கிணற்றுத் தளம் இருந்தது. குழந்தைகளுக்குத் தலைவலி, மூக்கில் ரத்தம். வருஷக்கணக்கில் புகார் கொடுத்தார்கள். 2013இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைப்பின் அதிகாரிகள் பார்வையிட வந்து, அவர்களுக்கே உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தளம் நின்றது. ஒன்பது வயதில் அந்தப் போராட்டத்தில் இறங்கிய நலேலி கோபோ என்ற பெண்ணுக்கு 2022இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. எந்தத் தெருவில் கிணறு மூடப்படும், எந்தத் தெருவில் ஓடும் என்பதில் அங்கே யார் வசிக்கிறார்கள் என்பதற்கும் பங்கு உண்டு. தொழிலில் இருப்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கால்ஜெம் என்று மாநிலத்தின் எண்ணெய்க் கிணறு ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அவர்கள் தளத்தில் வெல் ஃபைண்டர் என்ற வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு முகவரியைப் போட்டால் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணறும் புள்ளியாக வரும். புள்ளியைத் தொட்டால் அதன் எண், யார் கையில் இருக்கிறது, ஓடுகிறதா, சும்மா கிடக்கிறதா, மூடப்பட்டதா எல்லாம் தெரியும். தூரத்தை அந்தப் புள்ளியிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை அளந்து பாருங்கள். வயலின் கேட்டிலிருந்து அளந்து சொல்வது ஏஜென்ட்களின் பழக்கம்.

ஓடும் கிணறுகளை எண்ணிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் உற்பத்தி இல்லாததை ஐடில் என்பார்கள். ஓடும் கிணற்றைத் தினமும் ஒருவர் வந்து பார்ப்பார், சும்மா கிடப்பதை யார் பார்ப்பது? 2022இல் பேக்கர்ஸ்ஃபீல்டில் வீடுகளுக்குப் பக்கத்தில் மீத்தேன் கசிந்ததாகக் கண்டுபிடித்தவை எல்லாம் இப்படிச் சும்மா கிடந்த கிணறுகள்தான். மூடப்பட்டது என்று போட்டிருந்தால் எந்த வருஷம் மூடினார்கள் என்று பாருங்கள். இப்போது சிமென்ட் அடைத்து, இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்கிறோம். அந்தக் காலத்தில் கையில் கிடைத்ததை, மரக்கட்டை உட்பட, உள்ளே தள்ளி மண்ணைப் போட்டு மூடிய கதைகள் நிறைய. 2019 ஜனவரியில் மரீனா டெல் ரேயில் ஹோட்டல் கட்டுவதற்காக 1930களின் பழைய கிணறு ஒன்றைத் திரும்ப ஒழுங்காக மூடப் போனார்கள். சேறும் வாயுவும் வானத்துக்குப் பீய்ச்சியடித்தது, ரிக் மேல் ஒரு தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். உங்கள் இப்போதைய வாடகை வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிஷம்.

உங்கள் மனையின் எல்லைக்குள்ளேயே அப்படி ஒரு புள்ளி விழுந்தால் பேச்சே வேண்டாம், அடுத்த வீட்டைப் பாருங்கள். பின்னாளில் ஒரு அறை எடுத்துக் கட்ட அனுமதி கேட்டால்கூட, அந்தக் கிணற்றைத் திறந்து மறுபடி மூடும் செலவு உங்கள் தலையில் விழலாம். மீத்தேன் மண்டலத்தில் வருகிறதா என்றும் கேளுங்கள். 1985இல் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு அடியில் மீத்தேன் சேர்ந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்த பிறகுதான் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அப்படி மண்டலம் பிரித்து, புதிய கட்டடங்களுக்கு வாயு வெளியேற வழி செய்ய வேண்டும் என்று விதி வைத்தது. பழைய வீட்டுக்கு அந்த ஏற்பாடு இருக்காது.

பத்திர விஷயம் ஒன்று. எஸ்க்ரோ, அதாவது கிரயம் முடியும்வரை பணத்தையும் பத்திரத்தையும் நடுவர் ஒருவர் வைத்திருக்கும் ஏற்பாடு, திறந்ததும் மனையில் யாருக்கு என்ன உரிமை என்று காட்டும் பூர்வாங்க டைட்டில் ரிப்போர்ட் கொடுப்பார்கள். யாரும் படிப்பதில்லை. அதில் விதிவிலக்குகள் என்ற பகுதியில், 500 அடிக்குக் கீழே உள்ள எண்ணெய், வாயு, கனிமம் இன்னாருக்குச் சொந்தம், ஆனால் மேற்பரப்பில் நுழையும் உரிமை இல்லை என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். இந்த ஊரில் அது சகஜம், பயப்பட வேண்டாம். "மேற்பரப்பில் நுழையும் உரிமை இல்லை" என்ற அந்தப் பகுதி இருக்கிறதா என்று மட்டும் விரல் வைத்துப் பாருங்கள். அது இல்லை என்றால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதேபோல, விற்பவர் கட்டாயம் தர வேண்டிய இயற்கை ஆபத்து அறிக்கையில் வெள்ளம், காட்டுத்தீ, நிலநடுக்கம் எல்லாம் வரும். எண்ணெய்க் கிணறு அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே" என்று சொன்னால் ஏமாறாதீர்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, அவனுடைய நுரையீரல் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். ஆனால் ஒன்று தெரியும். அதே ஊரில் லாஸ் சியனகாஸ் எண்ணெய் வயலைச் சுற்றி வசித்தவர்களைத் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, கிணற்றுக்கு அருகில், அதுவும் அங்கிருந்து காற்று அடிக்கும் பக்கம் இருந்தவர்களின் மூச்சுத் திறன் குறைந்திருந்ததாகச் சொல்கிறது. காற்று அடிக்கும் பக்கம் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து வீசும், வயலின் காற்று கிழக்கே வியூ பார்க், வின்ட்சர் ஹில்ஸ் பக்கம் போகும். வயலுக்கு மேற்கே இருக்கும் கல்வர் சிட்டிக்குப் பகலில் அது ஒரு அதிர்ஷ்டம். ராத்திரி கதை வேறு. காற்று படுத்துவிடும், குன்றிலிருந்து குளிர்ந்த காற்று சரிவில் மெல்ல இறங்கும், எது கசிந்தாலும் கூடவே இறங்கி வீட்டுப் பக்கம் தங்கும். அதனால் வீட்டைப் பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்குப் போங்கள். இரண்டு மூன்று நாள் போங்கள். ஏர் ப்யூரிஃபையர் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கார்பன் ஃபில்டர் வேண்டும், அதையும் ஒழுங்காக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வயல் மூடப்போகிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று ஏஜென்ட் அடுத்துச் சொல்வார். அதில் பாதி உண்மை. கல்வர் சிட்டி 2021 அக்டோபரில் தன் எல்லைக்குள் இருக்கும் கிணறுகளை ஐந்து வருஷத்தில் மூட வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனால் வயலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அந்த எல்லைக்குள் வருகிறது, மிச்சம் கவுண்டி நிலம். அதற்கும் மாநிலம் 2024இல் ஒரு சட்டம் போட்டு, 2030 முடிவதற்குள் ஏறக்கட்டச் சொல்லியிருக்கிறது. சட்டம் வந்தால் வழக்கும் வரும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2022 டிசம்பரில் இருபது வருஷத்தில் எல்லாக் கிணறுகளையும் மூடுவதாகச் சட்டம் போட்டது, 2024இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உள்ளூர் நிர்வாகங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தெளிவாக்க மாநிலம் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. தேதியை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். தவிர, மூடுவதும் சும்மா இல்லை. நூற்றுக்கணக்கான கிணறுகளை மூட வருஷக்கணக்கில் ரிக் வந்து நிற்கும். அந்தக் காலத்தில்தான் உங்கள் பையன் எட்டு, ஒன்பது வயதில் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பான்.

ஆக, என் வீடாக இருந்தால் என்ன செய்வேன்? அந்த ஊரை விட மாட்டேன், அந்த வீட்டை விட்டுவிடுவேன். கல்வர் சிட்டியிலேயே பலோனா க்ரீக்குக்கு வடக்கே தள்ளி, எந்தக் கிணற்றுப் புள்ளியும் 3,200 அடிக்குள் வராத வீடு கிடைக்கும். சதுரடி குறையும், விலை கூடும், தெரியும். வீசிங் இல்லாத, பெரியவர்கள் மட்டும் உள்ள வீடாக இருந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஐந்து வயதுப் பையனின் மூச்சை வைத்து நான் பேரம் பேச மாட்டேன்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்து, இதுதான் என்று முடிவாகிவிட்டால், தென் கடற்கரைக் காற்றுத்தர அமைப்பின் தளத்தில் மின்னஞ்சலைப் பதிந்து வையுங்கள். பக்கத்தில் எந்தக் கிணற்றில் தோண்டுதல், பழுது, அமில வேலை நடந்தாலும் கம்பெனி முன்கூட்டியே அங்கே தெரிவிக்க வேண்டும், உங்களுக்குத் தகவல் வரும். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பையனை வெளியே விடாதீர்கள். நாற்றம் வந்தால் உடனே அவர்களுக்கே போன் செய்யுங்கள், மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் ஆள் வரும்போது காற்று மாறியிருக்கும். நேரம், காற்றின் திசை, பையனுக்கு அன்று எப்படி இருந்தது, மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எப்படி இருந்தாலும் வெல் ஃபைண்டரில் கிடைக்கும் கிணற்று எண்களையும், டைட்டில் ரிப்போர்ட்டில் அந்த ஒரு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.